5ஜி டவரும் மொட்டைமாடி டிஷ்ஷும்

கேள்வி: சின்ன ஊரில் கேபிள் டிவி நடத்துகிறேன். எதிர்க் கட்டடத்தில் 5ஜி டவர் வந்ததிலிருந்து சேனல்கள் கட்டம் கட்டமாக உடைகின்றன. டிஷ்ஷின் முன்னால் இருந்து சிக்னலை வாங்கிப் பெருக்கும் எல்.என்.பி.யை இரண்டு தடவை மாற்றியும் பலனில்லை. 5ஜி-க்கும் டிஷ்ஷுக்கும் அலைக்கற்றை வேறு வேறு என்கிறார்களே, அப்புறம் ஏன் இப்படி?

பதில்: வேறு வேறுதான், ஆனால் பக்கத்துப் பக்கத்து வயல். 2022 ஏலத்தில் 5ஜி-க்குப் போனது 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ் வரை; சி-பேண்ட் என்ற அலைக்கற்றையில் வாங்கும் உங்கள் டிஷ்ஷுக்கு உரியது 3700 முதல் 4200 வரை. நடுவே விட்ட வரப்பு 30 மெகாஹெர்ட்ஸ். ஆனால் பழைய ரக எல்.என்.பி.க்கள் பல 3400-லிருந்தே வாங்க ஆரம்பித்துவிடும், அவற்றுக்கு இந்த வரப்பு தெரியாது.

தூரத்தையும் பாருங்கள். செயற்கைக்கோள் 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கிறது, டவர் 300 மீட்டரில் என்று வைப்போம். இரண்டும் ஒரே சக்தியில் அனுப்பினால்கூட உங்கள் மாடியில் டவர் சிக்னல் 1,440 கோடி மடங்கு பலமாக இருக்கும். டிஷ் வானத்தைப் பார்ப்பதால் அதில் பெரும்பகுதி கழிந்துவிடும்தான், ஆனாலும் மிச்சமிருப்பதே எல்.என்.பி.க்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயரைத் திணறடித்துவிடும், அது திணறினால் நல்ல சிக்னலும் சேர்ந்தே நசுங்கும். அதே ரகத்தை எத்தனை தடவை மாற்றினாலும் இதே கதைதான். கீழே ரிசீவர் பக்கம் ஃபில்டர் போடச் சொன்னால் கேட்காதீர்கள், சிக்னல் மேலேயே கெட்டுவிட்டது.

ஃபில்டர் உட்கார வேண்டிய இடம் ஃபீட்ஹார்னுக்கும் (டிஷ் குவிக்கும் சிக்னலை உள்ளே வாங்கும் புனல் வாய்) எல்.என்.பி.க்கும் நடுவில். 3700–4200 பேண்ட்பாஸ் ஃபில்டர், அதாவது அந்த அலைக்கற்றையை மட்டும் உள்ளே விடுவது, என்று கேட்டு வாங்குங்கள். உலோகக் குழாய்த் துண்டு மாதிரி இருக்கும், மழைத்தண்ணீர் இறங்காதபடி ரப்பர் கேஸ்கட் வைத்து முடுக்குங்கள்.

இந்தச் செலவு உங்கள் தலையில் விழுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அமெரிக்காவில் சி-பேண்டின் ஒரு பகுதியைக் காலி செய்து 5ஜி-க்குக் கொடுத்தபோது, பதிவு செய்த டிஷ்களுக்கு ஃபில்டர் மாட்டும் செலவை ஏலம் எடுத்த கம்பெனிகளே ஏற்க வேண்டியிருந்தது. இங்கேயும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

சரி, ஃபில்டர் வாங்குமுன் ஒரு சோதனை. தமிழ்நாட்டில் டிஷ் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே பார்ப்பதால் பக்கவாட்டில் மறைத்தாலும் செயற்கைக்கோள் மறையாது. டவர் இருக்கும் பக்கம் டிஷ்ஷைவிட உயரமாக ஒரு தகரத்தை நிறுத்திப் பாருங்கள். படம் தெளிந்தால் காரணம் டவர்தான்.