இரண்டு வயதுப் பிள்ளையோடு டென்டில் தங்கலாமா?

கேள்வி: தாம்பரத்தில் இருக்கிறோம். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு இரண்டு முடியப்போகிறது. அரையாண்டு விடுமுறையில் கொடைக்கானல் போய் டென்டில் இரண்டு இரவு தங்கலாம் என்கிறார் கணவர். எனக்கும் ஆசைதான். ஆனால் "பச்சப்புள்ளைங்களப் பனியில படுக்கப் போடுவீங்களா?" என்று மாமியார் சண்டைக்கு வருகிறார். மகனுக்குச் சளி பிடித்தால் லேசாக வீசிங் வரும். போகலாமா? போனால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் கொடைக்கானல் வேண்டாம், டிசம்பர் வேண்டாம், இரண்டு இரவும் வேண்டாம்.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறு டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. டிசம்பர் இரவில் அங்கே பத்து டிகிரிக்குக் கீழே இறங்குவது சாதாரணம். சென்னையில் ஃபேன் காற்றில் தூங்கிப் பழகிய பிள்ளைகளுக்கு முதல் அனுபவம் அதுவாக இருக்க வேண்டாம். தூரமும் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். போய்ச் சேரும்போதே இருவரும் சோர்ந்து அழுதுகொண்டிருப்பார்கள். வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் ஒரு சுற்று மிச்சம் வைத்திருக்கவும் வாய்ப்புண்டு. இதெல்லாம் போக, நடுராத்திரியில் பிள்ளைக்கு மூச்சு இழுத்தால் மலையை விட்டு இறங்கவே நேரமாகிவிடும். பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு ஒரு கோடையில் போய்க்கொள்ளுங்கள். அப்போது வண்டிக்கு ஆன்லைனில் எடுக்க வேண்டிய இ-பாஸ் விஷயத்தை மறக்கவேண்டாம். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது நடைமுறையில் இருக்கிறது.

உங்களுக்கு நான் சொல்வது ஏலகிரி, ஜனவரிக் கடைசி வாரம், ஒரே ஓர் இரவு. உயரம் சுமார் 1,100 மீட்டர்தான். குளிர் இருக்கும், ஆனால் ஸ்வெட்டரும் போர்வையும் சமாளிக்கிற குளிர். மழைக்காலம் முடிந்திருக்கும், காடு காய்ந்து தீப்பிடிக்கிற பருவம் இன்னும் வந்திருக்காது. காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். மலைப்பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். பாதிக்குப் புலவர்கள் பெயர், பாதிக்குக் கடையெழு வள்ளல்கள் பெயர். அடுத்த வளைவு யாருடையது என்று மகளை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். கண் வெளியே இருந்தால் குமட்டல் குறையும், கையில் போனைக் கொடுத்தால் மூன்றாவது வளைவிலேயே வாந்திதான். மலை ஏறுவதற்கு முன் வயிறு முட்டப் பால் கொடுக்காதீர்கள்.

இடம் பார்க்கும்போது அழகை இரண்டாவதாக வையுங்கள். முதலில் பார்க்க வேண்டியது, நடுராத்திரியில் பின்வாங்க வழி இருக்கிறதா என்பதைத்தான். டென்டும் அறையும் ஒரே வளாகத்தில் இருக்கிற இடமாகத் தேர்ந்தெடுத்து, ஓர் அறையையும் சேர்த்தே பதிவு செய்துவிடுங்கள். கூடுதல் செலவுதான். ஆனால் இரவு ஒரு மணிக்கு மகன் விடாமல் அழுதால், தூக்கிக்கொண்டு போய் அறையில் படுக்க வைத்துவிடலாம். அந்த வசதி இருக்கிறது என்று தெரிந்தாலே உங்களுக்கும் பதற்றம் இருக்காது. மாமியாரையும் கூட அழைத்துக்கொண்டு போகலாம், அறை அவருக்கு.

பதிவு செய்யும் முன் போனில் கேளுங்கள்: டென்டிலிருந்து கழிப்பறை எத்தனை அடி, இரவு முழுக்க அங்கே விளக்கு எரியுமா, வெந்நீர் எத்தனை மணிவரை, இரவில் ஆள் இருப்பாரா, கார் எங்கே நிற்கும். "காட்டுக்குள்ளேயே போட்டுத் தருவோம் சார்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் தங்குவது குற்றம் என்பது ஒருபக்கம். 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில், காட்டை ஒட்டிய ஒரு விடுதியில் டென்டில் தங்கியிருந்த இளம்பெண் யானை தாக்கி இறந்தார். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஊருக்குள், வேலிக்குள் இருக்கிற புல்தரையே போதும். ஐந்து வயதுக் குழந்தைக்கு அதுவே பெரிய காடு.

இன்னொன்று, சனிக்கிழமை இரவு போகவே போகாதீர்கள். வாரக்கடைசியில் நண்பர் குழுக்கள் வந்து ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போட்டால் பன்னிரண்டு மணிக்குமுன் எந்தக் குழந்தையும் தூங்காது. ஞாயிறு இரவு போய்த் திங்கள் திரும்புங்கள். யு.கே.ஜி.யில் ஒரு நாள் லீவு போட்டால் ஒன்றும் ஆகிவிடாது.

போவதற்கு ஒரு வாரம் முன்பு மொட்டை மாடியில் ஓர் ஒத்திகை பாருங்கள். டென்ட் வாடகைக்கும் கிடைக்கிறது. மாடியில் ஆணி இறங்காது, அதனால் நான்கு மூலையிலும் தண்ணீர் கேன் வைத்துக் கட்டுங்கள். அன்று இரவு எல்லோரும் அதிலேயே தூங்குங்கள். மகள் எதற்குப் பயப்படுகிறாள், மகன் ஜிப்பைத் திறக்கக் கற்றுக்கொண்டுவிட்டானா, உங்கள் இடுப்பு தாங்குமா என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். 'நான்கு பேர்' என்று போட்டிருக்கும் டென்டில் நான்கு பேர் இடித்துக்கொண்டுதான் படுக்க முடியும், பை வைக்க இடம் இருக்காது. உங்களுக்கு ஆறு பேர் டென்ட் சரியாக இருக்கும்.

இனி தூக்கம். முதல்முறை போகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். போர்வை மேல் போர்வையாகக் கொண்டுபோவார்கள், கீழே விரிக்க ஒரு பெட்ஷீட்தான் இருக்கும். உடம்புச் சூட்டைத் தரை உறிஞ்சிக்கொள்ளும், மேலே எத்தனை போர்த்தினாலும் பயனில்லை. முதலில் ஒரு தார்ப்பாய், அதன்மேல் டென்ட், உள்ளே ஃபோம் மேட் அல்லது யோகா மேட்டை இரண்டாக அடுக்கி, அதன்மேல் ஜமுக்காளம். தார்ப்பாய் டென்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டியிருந்தால் பனியும் மழைத்தண்ணீரும் அதில் விழுந்து அடியில் வந்துவிடும்.

படுக்கப்போகும்போது உள்ளாடை முதல் சாக்ஸ் வரை எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பகலில் ஓடியாடிய துணியில் வியர்வை ஈரம் இருக்கும், நடுராத்திரியில் குளிரடிப்பது அதனால்தான். பருத்தி பனியன், அதன்மேல் முழுக்கைச் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர். மங்கி கேப் போட்டுவிட்டால் மாமியாரும் சமாதானமாவார். குளிர்கிறதா என்று பார்க்கக் கையைத் தொடாதீர்கள், குழந்தைகளின் கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பிடரியில் கைவைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி, வியர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள். பெரியவர்களுடைய ஸ்லீப்பிங் பேகில் மகனைத் தனியாகப் போடக் கூடாது. உள்ளே சறுக்கி முகம் மூடிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. குழந்தைகள் இருவரும் நடுவில், பெரியவர்கள் இரு ஓரத்தில். ஜிப்பின் பிடி இரண்டையும் மேலே கொண்டுபோய் நிறுத்துங்கள், அவன் கைக்கு எட்டாது.

குளிருக்குப் பயந்து டென்டின் காற்று ஜன்னலை முழுக்க மூடிவிடாதீர்கள். நான்கு பேர் விடும் மூச்சு உள்பக்கத் துணியில் நீராகக் கோத்து, விடியற்காலையில் மேலே சொட்டும். ஈரமும் குளிரும் சேர்ந்தால் வீசிங் இருக்கிற பிள்ளைக்கு ஆகாது.

மாமியார் சொல்வதில் பாதி சரி. பனி பட்டதாலேயே சளி பிடிப்பதில்லை, அதற்குக் காரணம் கிருமி. ஆனால் மூச்சிழுப்பு உள்ள குழந்தைக்குக் குளிர்க்காற்றும் புகையும் அதைத் தூண்டிவிடும். ஆகவே கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு குழந்தை மருத்துவரைப் பாருங்கள், இன்ஹேலரும் ஸ்பேஸரும் பெட்டியின் அடியில் போகாமல் கைப்பையில் இருக்கட்டும். காய்ச்சல் மருந்தின் அளவை எடைக்கு ஏற்ப எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்பும் நாளில் மூக்கு ஒழுகினால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், அதில் யோசிக்கவே வேண்டாம்.

கேம்ப் ஃபயர் வேண்டும் என்று உங்கள் கணவர் நிச்சயம் ஆசைப்படுவார். மூட்டட்டும், புகையும் பொறியும் டென்ட் பக்கம் அடிக்காத திசையில், டென்டிலிருந்து தள்ளி. தீயைச் சுற்றி ஒரு கயிறு கட்டி, அதைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவைத்தால் மகள் கேட்பாள், மகனைப் பிடித்துக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும். நைலான் ஃபிராக், பாலியஸ்டர் ஜாக்கெட் எல்லாம் தீப்பொறியில் உருகித் தோலோடு ஒட்டும், அந்த நேரத்தில் பருத்தி உடைதான் நல்லது. உண்மையில் எனக்கு இரவுத் தீயைவிட மறுநாள் காலைச் சாம்பல்தான் பயம். மேலே வெள்ளையாக ஆறினதுபோல் இருக்கும், அடியில் கங்கு இருக்கும், தூங்கி எழுந்த குழந்தை வெறுங்காலோடு அதில் போய் நிற்கும். மண்ணைப் போட்டு மூடினால் சூடு உள்ளேயே நிற்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள். குளிர்கிறதே என்று கரியடுப்பை டென்டுக்குள் கொண்டுபோகவே கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கொசுவர்த்திச் சுருளும் உள்ளே வேண்டாம்.

சாப்பாட்டுக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். மிளகாய்ப்பொடி தடவாத எண்ணெய் இட்லி, சப்பாத்தி, வாழைப்பழம் போதும். தயிர்சாதம் கொண்டுபோனால் பாலை நிறைய ஊற்றி, தயிரை ஒரு ஸ்பூன் மட்டும் போட்டுப் பிசையுங்கள், சாயங்காலம் புளிக்காமல் இருக்கும். காய்ச்சிய தண்ணீர் வீட்டிலிருந்தே. ஃபிளாஸ்கில் வெந்நீர் இருந்தால் ராத்திரிப் பாலுக்கு அலைய வேண்டாம். தின்பண்டம் எதையும் டென்டுக்குள் வைக்காதீர்கள். எறும்பு வரும், எலி வரும், பகலில் குரங்கு வரும்.

ராத்திரி ஒன்றுக்கு வருவதுதான் மகளோடு உங்களுக்கு வரப்போகிற முக்கியமான வேலை. குழந்தைகள் உட்காரும் சின்ன பிளாஸ்டிக் டாய்லெட் சீட் (potty) ஒன்றை டென்டு வாசலிலேயே வைத்துவிடுங்கள். வெளியே இறங்கத்தான் வேண்டும் என்றால் டார்ச் அடித்து, செருப்பை உதறிப் பார்த்துவிட்டுப் போடுங்கள், தேள் புகுந்திருக்கலாம்.

பாம்புப் பயத்துக்கு ஒரு நல்ல செய்தி சொல்கிறேன். அடித்துணி சேர்த்துத் தைத்த, ஜிப் முழுக்க மூடிய டென்ட், வெறுந்தரையில் படுப்பதைவிடப் பல மடங்கு பாதுகாப்பு. கட்டுவிரியன் தூங்குகிறவர்களைக் கடிப்பது பெரும்பாலும் தரைப் படுக்கையில்தான். அது கடித்தால் வலியோ வீக்கமோ அதிகம் தெரியாது. விடிகாலையில் யாருக்காவது காரணமில்லாமல் வயிற்றுவலி வந்து, கண் இமை சொருகினால் வாயுத் தொல்லை என்று நினைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இருக்கும். ஏலகிரியிலிருந்து திருப்பத்தூர் பக்கம் என்பதும் நான் அந்த இடத்தைச் சொன்னதற்கு ஒரு காரணம்.

பாம்பைவிட நடக்க வாய்ப்புள்ளது உண்ணிக் காய்ச்சல். ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி கடிப்பதால் வருவது, ஏலகிரி இருக்கும் வேலூர் வட்டாரத்துக்குப் புதிதல்ல. புல்லில் நேரடியாக உட்கார, உருள விடாதீர்கள், பாய் விரியுங்கள். முழுக்கால் பேன்ட், சாக்ஸ். பூச்சி விரட்டும் க்ரீம் வாங்கும்போது எந்த வயதிலிருந்து போடலாம் என்று லேபிளைப் படியுங்கள், கைவிரல்களில் தடவாதீர்கள், வாயில் வைப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால் எல்லாம் பாருங்கள். போட்டிருந்த துணியை அன்றைக்கே வெந்நீரில் ஊறவையுங்கள். அடுத்த மூன்று வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தாலோ, சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு உடம்பில் தெரிந்தாலோ, மலைக்குப் போய் டென்டில் தங்கினோம் என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக்கிலேயே சரியாகிவிடும்.