தம்பி வெளியே வரப்போகிறான்

கேள்வி: வேலூர் மத்திய சிறையில் இருக்கும் என் தம்பிக்குச் சில மாதங்களில் தண்டனை முடிகிறது. உள்ளே போகும்போது வயது 22, இப்போது 31. நாங்கள் என்ன ஏற்பாடு செய்ய வேண்டும், ஐயா? - வாசகி, காட்பாடி

பதில்: சிறை நல அலுவலராக இருந்தவன் நான். விடுதலை நாளன்று கூட்டிப்போக ஆளில்லாமல் நிற்பவர்களைப் பார்த்து வேதனைப்பட்டிருக்கிறேன். நீங்கள் முன்கூட்டியே கேட்பது நிறைவாக இருக்கிறதம்மா.

முதலில் காகிதங்கள். ஆதாரில் இருக்கும் பழைய செல்போன் எண் இந்நேரம் செத்திருக்கும். அதை மாற்றாவிட்டால் வங்கி வேலைகளில் சிக்கல் வரலாம். ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, 1982-ஆம் ஆண்டு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி, விடுதலைக்கு முன்பே சில நாள் வீட்டுக்கு வந்துபோக அவருக்கு விடுப்பு (பரோல்) கிடைக்குமா என்று நல அலுவலரிடம் கேளுங்கள். கிடைத்தால் வீட்டுக்குள்ளேயே உட்கார வைக்காதீர்கள். கடைக்கு அனுப்புங்கள், செல்போனில் பணம் கட்டப் பழக்குங்கள். அவர் உள்ளே போன காலத்தில் டீக்கடையில் இதெல்லாம் ஏது?

வேலைதான் பெரிய கவலை. வேலூர் சிறையில் காலணித் தயாரிப்பு உண்டு. தம்பி எந்தத் தொழில் பழகினார் என்று கேட்டு, சான்றிதழ் இருந்தால் வாங்கி வையுங்கள். சிறுதொழில் தொடங்க, விடுதலையான கைதிகள் உதவிச் சங்கத்தை அணுகலாம். விண்ணப்பத்தை விடுதலைக்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது.

அப்புறம், வந்த வாரமே கல்யாணப் பேச்சை எடுக்காதீர்கள். தூக்கம் வராமல் தவித்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.