சொந்தமாக இயற்றிய கிருதியைக் கச்சேரியில் பாடினால் எடுபடுமா?

பாடுங்கள். ஆனால் ஒரே ஒரு தடவை பாடிவிட்டு நோட்டை மூடி வைப்பதாக இருந்தால் பாட வேண்டாம். அந்த அரைகுறைக் காரியத்தை நான் செய்திருக்கிறேன், அதனால்தான் இந்தக் கேள்வியைக் கடந்துபோக முடியவில்லை.

தமிழில் ஒரு கிருதி செய்திருக்கிறீர்கள், டிசம்பரில் ஒரு சபாவில் மத்தியானக் கச்சேரி கிடைத்திருக்கிறது, அதில் அதைப் பாடலாமா, இல்லை தெரிந்த உருப்படிகளோடு நிறுத்திக்கொள்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நிலைமை எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். குருவிடம் இன்னும் சொல்லியிருக்க மாட்டீர்கள். வீட்டில் "கெடச்சதே ஒரு சான்ஸ், அதுல எதுக்கு இந்தப் பரீட்சையெல்லாம்" என்று ஆரம்பித்திருப்பார்கள். இரண்டு மணி நேரம் என்று சொன்ன சபா கடைசியில் ஒன்றே முக்கால் மணிதான் கொடுக்கும். வர்ணம், ஒரு விறுவிறுப்பான கிருதி, மெயின் என்கிற பெரிய உருப்படி, மிருதங்கத்தின் தனி, கடைசியில் துக்கடா என்கிற சின்னப் பாட்டு இரண்டு என்று கணக்குப் போட்டால், புதுப் பாட்டுக்குப் பத்து நிமிஷம் எடுப்பதே பாவம் போலத் தோன்றும். சரிதானே?

என் கதையைச் சொல்கிறேன். என்னுடைய சார் கும்பகோணத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு வாத்தியாராக இருந்தவர். மேடைக் கச்சேரி என்று அதிகம் செய்ததில்லை. ஆனால் நீல அட்டை போட்ட ஒரு நீள நோட்டில் 41 கிருதிகள் எழுதி வைத்திருந்தார், எல்லாம் தமிழ், எல்லாவற்றுக்கும் ஸ்வரப்படுத்திய நொட்டேஷனோடு. யாரிடமும் "இதைப் பாடேன்" என்று கேட்டதில்லை. ஒரு வருஷம் ஆடிப்பெருக்கன்று பகவத் படித்துறையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறக்க வேண்டும் என்பது வழக்கம், அந்த வருஷம் திறக்க அணையில் தண்ணீர் இல்லை. பெண்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து மணலில் வைத்து, அதற்கே மஞ்சள் குங்குமம் இட்டுப் பூஜை செய்தார்கள். சார் அதைப் பார்த்துவிட்டு வந்து சஹானாவில் ஒரு கிருதி செய்தார். "வருவாளோ காவிரி, இந்த ஆடிக்கேனும்" என்று பல்லவி. அனுபல்லவியில் "மணல்சுட நடந்தேன் மடியில் மஞ்சளோடு" என்று ஒரு வரி. நிரவலுக்கென்றே, அதாவது ஒரே வரியைத் திரும்பத் திரும்ப விரித்துப் பாடுவதற்கென்றே, பிறந்த வரி அது. இருபது நிமிஷம் வேண்டுமானாலும் அதில் உட்காரலாம்.

1999 டிசம்பரில் சென்னையில் ஒரு சபாவில் எனக்கு மத்தியானம் இரண்டரை மணிக்குக் கச்சேரி. சாரிடம் சொல்லாமல் அந்த சஹானாவை சப்-மெயினாக, மெயினுக்கு அடுத்த பெரிய உருப்படியாக, வைத்தேன். சார் காலை ரயிலில் வந்து கடைசி வரிசையில் தூண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அரங்கில் அறுபது பேர் இருப்பார்கள். ராகம் பாடும்வரை எல்லாம் நன்றாகப் போனது. சஹானா கேட்டால் யாருக்குத்தான் பிடிக்காது? பல்லவியை எடுத்ததும் முன்வரிசையில் ஒரு பெரியவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். 'வ' வரிசையில் இல்லை என்றதும் மூடிப் பையில் போட்டார். இரண்டு பேர் எழுந்து கேன்டீன் பக்கம் போனார்கள். வயலின் வாசித்தவர் நல்ல வித்வான், ஆனால் நொட்டேஷனை அவர் கையில் நான் கொடுத்ததே மேடை ஏறப் பத்து நிமிஷம் இருக்கும்போது. பாவம், அரை ஆவர்த்தனம், அதாவது அரைத் தாளச் சுற்று, பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். நிரவல் நடக்கும்போது ஒரு சீட்டு வந்தது: "தயவுசெய்து கிரிபை பாடவும்." அதே சஹானாவில், தியாகராஜருடையது.

கச்சேரி முடிந்ததும் காரியதரிசி சொன்னது இன்னும் அப்படியே காதில் இருக்கிறது. "நன்னா பாடினேள். ஆனா தெரிஞ்ச பாட்டா பாடுங்கோ. ஜனங்க கேக்கறதுக்கு வரா." அடுத்த வருஷம் அங்கே எனக்கு இடம் வரவில்லை. அதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, நிரூபிக்கவும் முடியாது.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றது. சார் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அவரோ வருத்தப்பட்ட மாதிரியே தெரியவில்லை. சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்தில் நின்றுகொண்டு, "பல்லவியில அந்த மூணாவது சங்கதி இடிக்கறதும்மா. வீட்ல பாடறப்ப தெரியல. மேல ஷட்ஜத்துக்குப் போகக்கூடாது அங்க. மாத்தணும்" என்றார். சங்கதி என்றால் ஒரே வரியை மெட்டு மாற்றி மாற்றிப் பாடும் ஒவ்வொரு வடிவம்; ஷட்ஜம் என்றால் 'ஸ'. தன் பாட்டை இன்னொருவர் குரலில், ஒரு அரங்கில், பக்கவாத்தியத்தோடு அவர் கேட்டது அதுவே முதல் தடவை. கேட்ட உடனே எங்கே கை வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நானோ அதைக் காதில் வாங்கவில்லை. அந்தப் பாட்டை அதற்கப்புறம் நான் மேடையில் பாடவே இல்லை. நான் பாடாததால் அவரும் அந்தச் சங்கதியை மாற்றவில்லை. 2007இல் சார் போய்விட்டார்.

இதற்கு மேல் வருவதைப் படித்துவிட்டு, தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்ற மும்மூர்த்திகளை ஒதுக்கச் சொல்கிறாள் என்று யாரும் கமெண்டில் சண்டைக்கு வர வேண்டாம். தினம் காலையில் தீட்சிதர் பாடாமல் எனக்குப் பொழுது விடிவதில்லை. நான் சொல்வது வேறு. இன்று நாம் "அடடா" என்று தலையாட்டுகிற பல உருப்படிகள் பிறந்த அன்றே இந்த வடிவத்தில் இருக்கவில்லை. வாதாபி கணபதிம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹம்சத்வனி என்ற ராகத்தையே உண்டாக்கியவர் முத்துஸ்வாமி தீட்சிதரின் அப்பா ராமஸ்வாமி தீட்சிதர். பிள்ளை அதில் கிருதி செய்தார். இன்று நாம் அடுக்கடுக்காகப் பாடும் சங்கதிகளில் பெரும்பகுதி பின்னால் வந்த மகா வைத்தியநாத அய்யர் சேர்த்தது என்று சொல்வார்கள். மூன்று தலைமுறைக்காரர்கள் கை வைத்த பாட்டோடு, போன மாசம் பிறந்த பாட்டை முதல் கேட்பில் ஒப்பிட்டால் அது எப்படி நிற்கும்?

புது ராகம், புதுப் பாட்டு என்பது நம் மேடைக்கு அந்நியமும் இல்லை. கதனகுதூகலம் பட்டணம் சுப்ரமணிய அய்யர் கொடுத்தது. மோகனகல்யாணி ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் கொடுத்தது. வயலின் வித்வான் லால்குடி ஜெயராமன் அதில் ஒரு தில்லானா செய்தார், இப்போது நடனப் பள்ளிக் குழந்தைகள்கூட அதற்கு ஆடுகிறார்கள். பாபநாசம் சிவன் 1973வரை நம்மோடு வாழ்ந்தவர். அவருடைய பாட்டு மெயினாகப் பாடப்படுவதை அவர் காலத்திலேயே கேட்டவர்கள் இன்றும் மயிலாப்பூரில் இருக்கிறார்கள். இப்போது பாடகர் டி.எம். கிருஷ்ணா, நாவலாசிரியர் பெருமாள்முருகன் எழுதிய கீர்த்தனைகளை மேடையில் பாடுகிறார். அதில் சிலருக்குக் கோபம், சிலருக்குச் சந்தோஷம். எனக்கு முக்கியமாகப் படுவது, ஒன்றிரண்டோடு விடாமல் அவற்றைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார் என்பதுதான்.

திரும்பப் பாடுவதில்தான் எல்லாம் இருக்கிறது. 1941இல் அண்ணாமலை நகரில், கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்டுத் தமிழிசை மாநாடு நடந்தபோது, தமிழில் போதுமான உருப்படி எங்கே இருக்கிறது என்று எதிர்த்தரப்பில் கேட்டார்கள். பல்கலைக்கழகம் ஸ்வரக் குறிப்போடு தொகுதி தொகுதியாகப் பாடல்களை அச்சிட்டது. அந்தத் தொகுதிகளில் சில என்னிடம் இருக்கின்றன. பக்கத்தைத் திருப்பினால் வாயில் நுழைந்த பாட்டு எது, நூலகத்திலேயே தூங்கிப்போன பாட்டு எது என்று பிரித்துச் சொல்லிவிடலாம். யாரோ ஒரு வித்வான் எடுத்துத் தொடர்ந்து பாடியது நின்றது. கோடீஸ்வர அய்யர் மேளகர்த்தா எனும் 72 தாய் ராகங்களிலும் தமிழில் கிருதி செய்து வைத்துவிட்டுக் காலமானார். பாடகர் எஸ். ராஜம் அவற்றை விடாமல் பாடி, சொல்லிக்கொடுத்திருக்காவிட்டால் நமக்கெல்லாம் அவை தெரிந்திருக்குமா? சந்தேகம்தான்.

அதற்காக எல்லாப் புதுப் பாட்டும் நல்ல பாட்டு ஆகிவிடாது. சாரின் 41இல் பத்துதான் நிற்கும் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன், அவரும் ஒத்துக்கொண்டார். உங்கள் பாட்டை நீங்களே ஒருமுறை கல்நெஞ்சோடு பாருங்கள். குறில் வரவேண்டிய இடத்தில் மெட்டு நீண்டால் 'படம்' 'பாடம்' ஆகிவிடும், 'மலை' 'மாலை' ஆகிவிடும். தமிழில் பாட்டுக் கட்டுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். தாளத்தின் அடியில் சொல் இரண்டாகப் பிளக்கிறதா என்று பாருங்கள். ராகத்தின் பெயரைச் சாகித்யத்தில் வலிந்து நுழைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். யாருக்கும் தெரியாத ராகத்தில் யாருக்கும் தெரியாத பாட்டு வேண்டாம், கேட்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பாவது இருக்க வேண்டும். தோடியோ காம்போதியோ கல்யாணியோ, கேட்டுப் பழகிய ராகமாக இருக்கட்டும்.

அப்புறம் துக்கடாவில் போடாதீர்கள். எல்லோரும் அந்த யோசனையைத்தான் சொல்வார்கள், பத்திரமான இடம் என்று. துக்கடாவில் நான்கு நிமிஷத்தில் ஓடிப்போகிற பாட்டுக்கு நிரவல் கிடையாது, ஸ்வரம் கிடையாது, அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கச்சேரியின் நடுவில் வையுங்கள். பாடுவதற்கு முன் பல்லவி வரியைப் பேச்சாக ஒருமுறை சொல்லுங்கள், யார் செய்தது என்றும் சொல்லுங்கள், இரண்டு வாக்கியம் போதும். வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் ஒரு வாரம் முன்னாலேயே பாட்டைப் பாடி அனுப்பிவிடுங்கள். எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம், எங்கே என்று அவர்களுக்கு மேடையில் தெரியக்கூடாது, வீட்டிலேயே தெரிய வேண்டும். எனக்கு அன்று வாட்ஸப் இல்லை, உங்களுக்கு இருக்கிறது.

மைக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இது கேள்விக்கு வெளியே போனாலும் பரவாயில்லை. தெரிந்த பாட்டில் வார்த்தை காதில் விழாவிட்டாலும் மனசு நிரப்பிக்கொள்ளும். புதுப் பாட்டில் வார்த்தைதான் உயிர். நம் சபாக்களில் மிருதங்கத்தின் வலந்தலைக்கு ஒரு மைக், தொப்பிக்கு ஒரு மைக், கடத்துக்கு ஒன்று என்று வைத்து எல்லாவற்றையும் ஏற்றிவிடுகிறார்கள். பாடுகிறவர் "ஃபீட்பேக் கொஞ்சம்" என்று கை காட்டினால், மைக்காரர் மேடையில் ஏற்றுவதற்குப் பதில் வெளியே ஏற்றுகிறார். எட்டாவது வரிசையில் உட்கார்ந்தால் மார்பில் அடிக்கிற மாதிரி இருக்கிறது. நூறு பேர் உட்காரும் சின்ன அரங்குக்கு எதற்கு இத்தனை ஒலிபெருக்கி? குழந்தைகள் மூன்று மாதம் சாதகம் செய்து வருகிறார்கள், சத்தம் சரியாக இருக்கிறதா என்று ஐந்து நிமிஷம் பார்க்க விடுவதில்லை. முந்தின கச்சேரி முடிந்ததும் திரை, உடனே அடுத்தது. இதை நான் மூன்று சபாக்களுக்குக் கடிதமாக எழுதினேன். பதில் வரவில்லை.

சரி, என் சஹானாவுக்கு வருகிறேன். மேடையில்தான் பாடவில்லையே தவிர, என் மாணவி ஒருத்திக்கு அதை ஒரு கோடை விடுமுறையில் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவள் கல்யாணமாகி திருச்சிக்குப் போய் அங்கே வகுப்பு எடுக்கிறாள். 2022இல் ஒரு கோயில் உற்சவத்துக்குத் தன் மாணவி பாடுவதாகக் கூப்பிட்டாள். போனேன். பதினாறு வயசுப் பெண். மூன்றாவது உருப்படியாக "வருவாளோ காவிரி" என்று எடுத்தாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதல் சங்கதி, இரண்டாவது சங்கதி, நான் சொல்லிக்கொடுத்த பாடாந்தரம் அப்படியே இருந்தது. மூன்றாவதில் மேல் ஷட்ஜத்துக்குப் போக வேண்டியவள் போகவில்லை. 'பமதநி' என்று தொட்டுவிட்டு மத்தியமத்துக்கே திரும்பி 'காவிரி'யை அங்கே நிறுத்தினாள். வருகிறேன் என்று சொன்னவள் பாதி வழியில் நின்றுவிட்ட மாதிரி இருந்தது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பாடத்தை மாற்றிவிட்டார்களே என்று. முடிந்ததும் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "யாரும் இல்ல பாட்டி. எனக்கு மேல போறப்ப இழுத்துக் கட்டின மாதிரி இருந்தது. நாலஞ்சு கோயில்ல பாடிப் பாடி இப்படி வந்துடுத்து" என்றாள்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து சாரின் நீல நோட்டை எடுத்தேன். அவர் மசியில் எழுதிய மூன்றாவது சங்கதியை அடிக்கவில்லை. பக்கத்து ஓரத்தில் பென்சிலால் அந்தப் பெண்ணின் சங்கதியை ஸ்வரப்படுத்தி, அவள் பெயரையும் ஊரையும் தேதியையும் எழுதினேன்.

உங்கள் கச்சேரித் தேதியையும் சபாவையும் இங்கே பதிலில் போடுங்கள், உடம்பு ஒத்துழைத்தால் வந்து கேட்கிறேன். இரண்டாவது தடவை எங்கே பாடப்போகிறீர்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.