வெளிநாட்டில் இருக்கையில் கல்லீரல் நோய் முற்றினால்: கேள்வி பதில்

நான் டாக்டர் இல்லை. கல்லீரல் மாற்று சிகிச்சைக்கு நோயாளிகளின் ஃபைல் தயார் செய்யும் கோ-ஆர்டினேட்டர். மருந்தின் அளவை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். எங்கே போவது, எதைக் கையில் எடுத்துப்போவது என்பதை இங்கே கேளுங்கள்.

துபாய்: சார், அண்ணனுக்கு சிரோசிஸ் (கல்லீரல் இறுகிச் சுருங்கும் நோய்), வயிற்றில் நீர். ரிப்போர்ட்டில் பிலிருபின் 68 என்று இருக்கிறது! கிரியாட்டினின் 97, ஐஎன்ஆர் 1.8, சோடியம் 131. உடனே சென்னைக்கு டிக்கெட் போடலாமா?

முதலில் அந்த 68-ஐப் பார்ப்போம். அங்கே மைக்ரோமோலில் எழுதுகிறார்கள், நம் ஊரில் மில்லிகிராமில். காமாலையைக் காட்டும் பிலிருபினை 17.1-ஆல் வகுத்தால் 4. சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினினை 88.4-ஆல் வகுத்தால் 1.1. ரத்தம் உறைவதைக் காட்டும் ஐஎன்ஆரையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், நோயின் தீவிரத்தைச் சொல்லும் மெல்ட் மதிப்பெண் 19; சோடியத்தையும் சேர்த்தால் 23. மெல்ட் 15-ஐத் தொட்டாலே மாற்று சிகிச்சை மையத்தில் காட்டியாக வேண்டும். ஆகவே காட்டுவதா என்பது கேள்வி இல்லை. விமானம் ஏறும் நிலையில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

கிளம்பும் முன் அங்கேயே முடிக்க வேண்டியவை சில உண்டு. எண்டோஸ்கோப்பி செய்து உணவுக்குழாயின் ரத்தக்குழாய்கள் புடைத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பெரிதாக இருந்தால் ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கியோ மாத்திரை தொடங்கியோ ரத்தக்கசிவைத் தடுப்பார்கள். வயிற்று நீரில் கொஞ்சம் எடுத்துச் சோதிக்க வேண்டும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு ஒரு கன மில்லிமீட்டருக்கு 250-க்கு மேல் இருந்தால் கிருமித்தொற்று, ஆன்டிபயாடிக் முடித்த பிறகுதான் பயணம். 5 லிட்டருக்கு மேல் நீர் எடுத்தால் எடுத்த லிட்டருக்கு 8 கிராம் வீதம் ஆல்புமின் என்ற புரதத்தை ஏற்ற வேண்டும். செலவு என்று அதை விட்டால் சிறுநீரகம் மாட்டிக்கொள்ளும். அண்மையில் ரத்த வாந்தி, தார் போல் மலம், பேச்சில் குழப்பம் இருந்தால் பயணமே வேண்டாம். மற்றபடி, விமான நிறுவனத்தின் மருத்துவப் படிவத்தை டாக்டரிடம் நிரப்பி வாங்குங்கள்.

இன்னொன்று. விமானத்தில் அடிக்கடி கழிப்பறைக்கு ஓட வேண்டுமே என்று மலம் இளக்கிக் குழப்பம் வராமல் காக்கும் லாக்டுலோஸ் மருந்தை முதல் நாளே நிறுத்திவிடுவார்கள். இறங்கும்போது ஆள் பெயர் தெரியாத குழப்பத்தில் வருவார். தினம் 2, 3 முறை மலம் இளகிப் போக வேண்டும், பயண நாளிலும். 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலைக் கையில் கொண்டுபோக மருந்துச்சீட்டு வைத்திருங்கள்.

சிடி ஸ்கேன் மூன்று கட்டமாக எடுத்ததாக இருக்கட்டும். டிஸ்க்கில் அல்லது பென்டிரைவில் டைகாம் ஃபைலாக (ஸ்கேனின் அசல் கணினிப் படமாக) வாங்குங்கள். ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எந்த சர்ஜனும் அதை வைத்து முடிவு சொல்ல மாட்டார்.

லண்டன்: பிரிட்டிஷ் பாஸ்போர்ட், ஓசிஐ அட்டையும் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) உண்டு. மதுரையில் சித்தப்பா மகன் கல்லீரல் தரத் தயார். சென்னையில் செய்துகொள்ளலாமா?

முடியாது. ஓசிஐ வைத்திருப்பவர் இந்தியச் சட்டத்தின்படி வெளிநாட்டவர்தான். பெறுபவர் வெளிநாட்டவர், தருபவர் இந்தியர் என்றால் நெருங்கிய உறவாக இருந்தாலொழிய உறுப்பு மாற்றுக்கு ஒப்புதல் தரும் அனுமதிக் குழுவே ஒப்புதல் தர முடியாது. நெருங்கிய உறவு என்றால் கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள். சித்தப்பா மகனை நாம் தம்பி என்போம், சட்டம் சொல்லாது. “பணம் கொடுத்தால் பேப்பர் சரி செய்து தருகிறேன்” என்று எவனாவது வந்தால் அவன் புரோக்கர். அங்கேயே பேச்சை முடியுங்கள்.

நீங்கள் பிரிட்டனில் நிரந்தரமாக இருப்பவர் என்றால் ஜிபி (குடும்ப டாக்டர்) மூலம் கல்லீரல் சிறப்பு மருத்துவரிடம் போங்கள். பெரியவர்களுக்கான மாற்று மையங்கள் ஏழு: கிங்ஸ் காலேஜ், ராயல் ஃப்ரீ, பர்மிங்காம், கேம்பிரிட்ஜ், லீட்ஸ், நியூகாசில், எடின்பரோ. பட்டியலில் சேர யூகெல்ட் என்ற, மெல்ட் போன்ற பிரிட்டிஷ் மதிப்பெண் பொதுவாக 49 வேண்டும்.

சிங்கப்பூர்: எந்த ஆஸ்பத்திரி பெஸ்ட்? எவ்வளவு ஆகும்?

பெயர் சொல்ல மாட்டேன். வருடத்துக்கு எத்தனை மாற்று, ஒரு வருடம் கழித்து எத்தனை பேர் உயிரோடு, பேக்கேஜில் எது சேராது என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

மஸ்கட்: சார், எந்த ஆஸ்பத்திரி பெஸ்ட்?

மேலே பாருங்கள்.

டொரண்டோ: மனைவி கல்லீரல் தருகிறேன் என்கிறாள். அவளுக்கு லேசாகக் கொழுப்புக் கல்லீரல்.

கொழுப்பு அதிகமென்றால் தள்ளிவிடுவார்கள். எடை குறைத்து மறுபடி சோதித்துத் தகுதி பெறுபவர்களும் உண்டு. பெறுபவரின் எடையில் 0.8 சதவீதமாவது கல்லீரல் கிடைக்க வேண்டும்: 70 கிலோ ஆளுக்கு 560 கிராம். தருபவரிடம் அவர் கல்லீரலில் 30 சதவீதமாவது மிஞ்ச வேண்டும்.

தோஹா: முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக் போடலாமா?

கூடாது. இபுப்ரோஃபெனும் கூடாது. பாராசிட்டமால், நாளைக்கு 2 கிராமுக்குள், டாக்டரிடம் சொல்லிவிட்டு.

கோலாலம்பூர்: இத்தனை செலவு எதற்கு? எங்கள் ஊரில் கீழாநெல்லி குடித்தே காமாலை போயிருக்கிறது.

போயிருக்கும். காமாலை ஓர் அறிகுறி, நோய் அல்ல. ஹெபடைடிஸ் ஏ வந்தவருக்குப் பெரும்பாலும் தானாகவே இறங்கும். குடித்தது கீழாநெல்லி என்றால் பெயர் அதற்குப் போகும். சிரோசிஸில் ஏறும் காமாலை வேறு.

கோலாலம்பூர்: லான்செட்டிலேயே வந்த ஆய்வு சார் அது!

வந்தது, 1988-ல், நம் சென்னையில் செய்தது. ஹெபடைடிஸ் பி கிருமி உள்ள 37 பேரில் 22 பேருக்கு அது மறைந்ததாகச் சொன்னார்கள். பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

ஜெட்டா: ஆனால் கெடுதல் இல்லையே சார்?

கீழாநெல்லியோடு நிறுத்துவதில்லையே யாரும். சீந்தில் கஷாயத்தால் கல்லீரல் கெட்டவர்களை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பெயரில்லாப் பொடிகளில் உலோகம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. சண்டை வேண்டாம்: என்ன கஷாயம், பொடி குடிக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் பி-க்கான மாத்திரைகளான டெனோஃபோவிர், என்டெகாவிர் சாப்பிடுபவர் அதை நிறுத்திவிட்டு இதற்கு மாறினால் கிருமி சீறி எழும். கல்லீரல் ஒரேயடியாகச் செயலிழக்கலாம்.

ஷார்ஜா: பெஸ்ட் ஆஸ்பத்திரி…

மேலே. சிங்கப்பூர் கேள்வி.

துபாய் (மீண்டும்): வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போட்டாச்சு சார். எண்டோஸ்கோப்பி சென்னையில் பார்த்துக்கொள்ளலாம்தானே?

தேதியை மாற்றுங்கள். புடைத்த ரத்தக்குழாய் நடுவானில் வெடித்தால் அங்கே பேண்ட் போட யாரும் இல்லை.