புரைக்காகச் சங்கிலியை அடகு வைக்க வேண்டாம்

பாம்பனிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு 61 வயது, நாட்டுப்படகில் தொழில், பத்து வருடமாகச் சர்க்கரை. வலையில் கிழிசல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, கையால் தடவித்தான் பார்க்கிறேன் என்று அவர் சொல்ல ஆரம்பித்ததும் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். வலது கண்ணில் புரை முற்றியிருக்கிறது, மடக்கு லென்ஸ் வைக்க 38,000 ரூபாய். இடது கண்ணில் சர்க்கரையால், கண்ணின் பின்பக்கத்தில் இருக்கிற விழித்திரை வீங்கியிருக்கிறது, அதற்கு ஊசி, அது தனிச் செலவு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "அம்மா சங்கிலியை வைத்து இப்போது புரையை எடுத்துவிடுகிறோம், பிறகு கடலுக்குப் போய் வரும் காசில் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றிருக்கிறோம், வேறு ஏதாவது உதவி கிடைக்குமா?" என்று கேட்கிறார்.

உதவி இருக்கிறது தம்பி. அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: வரிசையைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். புரை என்பது கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் மங்கிப்போவது, இரண்டு மாதம் கழித்து எடுத்தாலும் பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும். விழித்திரை வீக்கம் அப்படி இல்லை, அங்கே கெட்டுப்போன நரம்பைப் பிறகு எவ்வளவு பணம் கொட்டினாலும் மீட்க முடியாது. காசு தேவைப்படுவதும் அவசரமும் இடது கண்ணுக்குத்தான். புரைக்கு நீங்கள் ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்க வேண்டியதில்லை.

புரை ஆபரேஷன் அரசு மருத்துவமனைகளில் லென்ஸோடு இலவசம். பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1976இலிருந்தே நடக்கிறது, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் போய்ச் சீட்டுப் போட்டால் போதும். இன்னொரு வழி முகாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, டாக்டர் வெங்கடசாமி அதே 1976இல் 11 படுக்கையோடு ஆரம்பித்தது, நம் பக்கத்து ஊர்களில் லயன்ஸ் சங்கம், சர்ச், ஜமாஅத், பள்ளிக்கூடம் என்று யாராவது இடம் கொடுத்து நடத்தும் முகாம்களில் ஆளைப் பரிசோதித்து, பஸ்ஸில் மதுரைக்குக் கூட்டிப்போய், ஆபரேஷன், லென்ஸ், சாப்பாடு எல்லாம் கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். முகாம் வழியாகப் போகாமல் நேராக மதுரைக்குப் போனாலும் அங்கே இலவசப் பிரிவு உண்டு, நேராக வருகிறவர்களிடம் சிறு தொகை வாங்குவார்கள்.

இலவசம் என்றால் லென்ஸ் மட்டமாக இருக்குமோ என்று எல்லோரும் கேட்பார்கள். இலவசத்தில் பெரும்பாலும் சின்னக் கீறல் போட்டு, தையல் இல்லாமல், மடங்காத லென்ஸ் வைப்பார்கள். காசுக்குச் செய்கிற இடத்தில் இன்னும் சின்னத் துளை போட்டு, அதன் வழியாக மடித்து உள்ளே விடுகிற மடக்கு லென்ஸ். காயம் ஆறுவது மடக்கு லென்ஸில் கொஞ்சம் சீக்கிரம், கண்ணாடி பவரும் கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். மங்காத பார்வை இரண்டிலும் வரும். 38,000 கொடுத்து வாங்குகிற அளவுக்கு அதில் வித்தியாசம் இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன்.

சரி, இடது கண். இங்கேதான் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் கிடைக்கும், ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வருமானச் சான்று வாங்குங்கள், விண்ணப்பம் வி.ஏ.ஓ. வழியாகத்தான் போகும், அவரை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால் வேலை நடக்கும். அப்புறம் அந்தச் சான்று, ரேஷன் கார்டு, எல்லோருடைய ஆதாரும் எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் கலெக்டர் அலுவலகத்தில் இருக்கிற காப்பீட்டுத் திட்ட மையத்துக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறது, உங்கள் அப்பாவுக்கு எழுதியிருக்கிற சிகிச்சை அதில் வருமா என்று 1800 425 3993க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள், கட்டணம் கிடையாது. நோயின் பேரை மருத்துவர் எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால்தான் பதில் உருப்படியாக வரும், "கண் ஆபரேஷன் வருமா" என்று பொதுவாகக் கேட்டால் வரும் என்றும் சொல்வார்கள், வராது என்றும் சொல்வார்கள்.

முக்கியமாக, சிகிச்சைக்கு முன்னாலேயே மருத்துவமனை திட்டத்திடம் அனுமதி வாங்க வேண்டும். கையிலிருந்து கட்டிவிட்டு பில்லைத் தூக்கிக்கொண்டு காப்பீட்டு மையத்துக்கு வந்த ஒரு உப்பளத் தொழிலாளியை எனக்குத் தெரியும், வட்டிக்கு வாங்கிய பணம், ஒரு பைசா திரும்பவில்லை. வெளியே வரும்போது "யாரும் சொல்லலையேண்ணே" என்றார். அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அட்டை வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், விழித்திரை மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். ஊசி ஒன்றோடு முடியாது, முதலில் மாதாமாதம் சில தடவை போட வேண்டியிருக்கும், ஆகவே விலை முக்கியம். பெவாசிசுமாப் என்று ஒரு மருந்து, புற்றுநோய்க்கு வந்தது, சின்ன அளவாகப் பிரித்துக் கண்ணுக்குப் போடுவார்கள், மற்ற ஊசிகளைவிட விலை மிகக் குறைவு. "எங்களால் இவ்வளவுதான் முடியும், விலை குறைந்த ஊசி போடலாமா?" என்று மருத்துவரிடமே கேளுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு பாதியில் நிறுத்துவதுதான் பெரிய நஷ்டம். அடகு வைத்தே ஆக வேண்டும் என்றாலும் இதற்கு வையுங்கள். மீன் வியாபாரியிடம் மட்டும் முன்பணம் வாங்கிவிடாதீர்கள், அப்புறம் பிடிக்கிற மீனெல்லாம் அவர் சொல்கிற விலைக்குத்தான் போகும், அது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று, சர்க்கரை ஒரு கண்ணை மட்டும் தொட்டுவிட்டுப் போகாது. வலது கண்ணில் புரை மறைத்துக்கொண்டிருப்பதால் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்காமல் விட்டிருக்கலாம். வீக்கம் இருக்கிற கண்ணில் புரையை எடுத்தால் வீக்கம் கூடவும் செய்யும். அதனால் புரை ஆபரேஷனுக்கு முன் வலது கண்ணின் விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள், புரையில் சரியாகத் தெரியாவிட்டால் ஸ்கேன் எடுப்பார்கள்.

புரைக்கு மீன்பிடித் தடைக்காலம்தான் நல்ல நேரம். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுதான் நிற்கும், நாட்டுப்படகுக்குத் தடையில்லை என்பது தெரியும். ஆனாலும் விசைப்படகு ஆட்கள் சும்மா இருப்பதால் கூலிக்கு ஆள் கிடைக்கிற சமயம் அதுதான், அப்பா ஒரு மாதம் கரையில் உட்காரலாம். ஆபரேஷன் செய்த கண்ணில் உப்புத் தண்ணீர் தெறிக்கக் கூடாது, ஐஸ் பெட்டி தூக்கக் கூடாது, சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட வேண்டும். படகில் போய்க்கொண்டே இதெல்லாம் நடக்காது.

முகாம் மேசையில் நான் பார்த்தவரை, ஆள் திரும்பி அனுப்பப்படுவதற்குப் பெரிய காரணம் அன்றைக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ ஏறியிருப்பதுதான். விடியற்காலையில் கிளம்புகிற அவசரத்தில் மாத்திரையை விட்டுவிடுவார்கள், எந்தக் கண் என்ற அடையாளத்துக்குப் புருவத்துக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு பஸ் ஏறப்போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிறார்கள், அப்பாவின் பேர் அதில் இருக்கிறதா என்று உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் கேளுங்கள். முகாமன்று அவருடைய மாத்திரைச் சீட்டு, ஆதார், மாற்றுச் சட்டை ஒன்று, இவ்வளவு பையில் இருந்தால் போதும்.