பீப் சத்தம் வருது, பில்லுல ஏற மாட்டேங்குது! – வாசகர் கேள்வி பதில்

போன தடவ இன்வெர்ட்டர் பேட்டரி பத்தி எழுதினதுக்கு வந்த கடுதாசியவிட இந்தத் தடவ கடைக்காரங்க கேள்விதான் ஜாஸ்தி. எல்லாத்துலயும் ஒரே பல்லவி, "ஃப்ரீக்குவன்சி இடிக்குதாண்ணே?"ன்னு, அதாவது ஒரு மெஷினோட அலை இன்னொன்னு மேல மோதுதான்னு. சிலது நெசமாவே இடிக்குது, சிலது சும்மா பழி. ஒவ்வொன்னா பாப்போம்.

கேள்வி: அண்ணே, சின்னதா ஒரு சூப்பர் மார்க்கெட் வச்சிருக்கேன். பில் போட ஒயர் இல்லாத ஸ்கேனர் வாங்கினேன். காலைல ஜோரா ஓடுது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பீப்னு சத்தம் மட்டும் வருது, பில்லுல சாமான் ஏற மாட்டேங்குது. கூட்டம் நிக்கிறப்ப மானம் போகுது. கஸ்டமருங்க காதுல மாட்டியிருக்குற ப்ளூடூத்தாலயா, இல்ல பக்கத்து பேக்கரி ஓவனாலயா? – மளிகைக்காரர், அண்ணா நகர், மதுரை

பேக்கரிக்காரர்கிட்ட சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி உங்க கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்னாடி ஒருக்கா எட்டிப் பாருங்க, ஏன்னு சொல்றேன்.

மொதல்ல அந்த பீப். உங்க மாடல்ல பீப்னா கோடு படிச்சாச்சுன்னு மட்டும்தான் அர்த்தம், கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேந்துருச்சுன்னு இல்ல. படிக்கிறது வெளிச்சத்துல, அனுப்புறது ரேடியோவுல, ரெண்டும் வேற வேற வேல. அந்த ரேடியோ ஓடுறது 2.4 ஜிகா ஹெர்ட்ஸ்ல, அதாவது 2,400ல இருந்து 2,483.5 மெகா ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள பட்டையில. லைசென்ஸ் வேணாம், யாரு வேணாலும் ஓட்டலாம், அதனால யாரும் யாரையும் ஒதுங்குன்னு சொல்ல முடியாது. தேர் வர்ற அன்னைக்கு மாசி வீதில டூ வீலர் ஓட்டுற மாதிரிதான். வைஃபை, ப்ளூடூத், ஒயர்லெஸ் மவுஸ், மைக்ரோவேவ் எல்லாம் அதே வீதிலதான் வரும்.

ஆனா ப்ளூடூத் காதுமாட்டி ரொம்ப நல்ல புள்ள. அது 79 சின்னச் சின்ன தடத்துல செகண்டுக்கு 1,600 தடவ தாவிக்கிட்டே இருக்கும், எந்தத் தடத்துல வேற ஆளு இருக்கான்னு தெரிஞ்சாலும் அத விட்டுட்டு மத்ததுல ஓடும். அத நம்பி பழி போட முடியாது. பேக்கரில பன்னு சுடுற பெரிய ஓவன் இருக்கே, அது வெறும் சூடு, கரண்டுலயோ கேஸ்லயோ ஓடுது, அதுல ரேடியோவே கிடையாதுங்க. பப்ஸ் சூடு பண்ற குட்டி மைக்ரோவேவ்தான் 2,450 மெகா ஹெர்ட்ஸ்ல ஓடும், அதுவும் நடுவுல ஒரு செங்கச் சுவர் இருந்தா உங்க கல்லா வரைக்கும் வந்து சேர்றது கொஞ்சம்தான்.

இப்ப என் கதை. கே.கே. நகர் பக்கம் ஒரு கடைல இதே கம்ப்ளெயின்ட். மூணு நாள் அலஞ்சேன். வைஃபை ரவுட்டர 1ம் சேனலுக்கு மாத்தினேன், 6க்கு மாத்தினேன், 11க்கு மாத்தினேன் (இந்த மூணும்தான் ஒன்னு மேல ஒன்னு ஏறாம தள்ளித் தள்ளி இருக்கும்), ஒன்னும் நடக்கல. மூணாம் நாளு சாயங்காலம் கல்லா பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்துட்டேன். ஆறு மணி ஆச்சு, கம்ப்யூட்டருக்குப் பின்னாடி ஒரு ஹார்டு டிஸ்க்ல லைட்டு படபடன்னு அடிக்க ஆரம்பிச்சுச்சு. கேமரா ரெக்கார்டிங்க அதுல காப்பி பண்ண டைம் செட் பண்ணி வச்சிருக்காங்க. அதுக்கு ஒட்டுனாப்புல, விரலு நுழையாத இடைவெளில ஸ்கேனர் டாங்கிள் (ஸ்கேனர் அனுப்புறத வாங்குற குட்டி ரிசீவர்) சொருகியிருக்கு. ஒரு நல்லெண்ணெய் பாக்கெட்ட எடுத்து பத்து தடவ அடிச்சேன், நாலுதான் ஏறுச்சு. ஹார்டு டிஸ்க் ஒயரப் புடுங்கிட்டு அடிச்சேன், பத்துக்குப் பத்து.

அந்த ஹார்டு டிஸ்க் சொருகியிருந்த நீலக் கலர் யுஎஸ்பி 3 இருக்குல்ல, அதுல டேட்டா செகண்டுக்கு 5 ஜிகா பிட் வேகத்துல ஓடுறப்ப ஒயர்ல இருந்தும் சாக்கெட்ல இருந்தும் ஒரு இரைச்சல் கசியும், அது சரியா 2.4 பட்டை மேலயே வந்து விழும். இன்டெல் கம்பெனியே 2012ல இத அளந்து பாத்து அறிக்கை போட்டிருக்கு. டாங்கிள் காதுக்குள்ள ஒருத்தன் தகரத்தப் போட்டு தட்டிக்கிட்டு இருந்தா தூரத்துல ஸ்கேனர் பேசுறது எங்குட்டு கேக்கும்?

வைத்தியம் சின்னதுதான். மூணடி நீளத்துல யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்னு வாங்கி டாங்கிள மேசை மேல, ஸ்கேனர் கண்ணுக்குத் தெரியுற மாதிரி கொண்டு வந்து ஒட்டிருங்க. நான் சொல்றதுக்குள்ள அந்த கே.கே. நகர் அண்ணாச்சி புது ஸ்கேனரே வாங்கிட்டாரு, பழசு இப்பவும் அட்டப்பெட்டியில தூங்குது. உங்ககிட்ட ஹார்டு டிஸ்க் எதும் இல்லன்னா மட்டும் அடுத்ததா வைஃபைய பாருங்க. சாயங்காலம் மாடி வீட்டுக்காரங்க எல்லாரும் வந்து டிவி போட்டுருவாங்க, நெரிசல் ஏறும். கடை ஃபோனு, கேமரா எல்லாத்தையும் 5 ஜிகா ஹெர்ட்ஸ்க்குத் தள்ளி விட்டா 2.4 கொஞ்சம் மூச்சு விடும். நம்ம நாட்டுல 2018ல அந்தப் பட்டைய தாராளமா திறந்து விட்டாச்சு, அதுக்கப்புறம் வந்த ரவுட்டர்ல பெரும்பாலும் இருக்கும்.

கேள்வி: விளக்குத்தூண் பக்கம் ஒரு பெரிய துணிக்கடைல நான் ஒன்னும் வாங்காம வெளிய வர்றப்ப வாசக்கதவு கீ கீன்னு கத்துது. நாலு பேரு திரும்பிப் பாக்குறாங்க. கைல இருக்குற ஸ்மார்ட் வாட்சு காரணமா? அம்மாவுக்கு பேஸ்மேக்கர் வச்சிருக்கு, அவங்க அதுக்குள்ள போகலாமா? – ஒரு வாசகி, திருநகர்

வாட்சு இல்லம்மா. திருட்டப் புடிக்கிற அந்த கேட்டுல பெரும்பாலும் ரெண்டு ஜாதி உண்டு, ஒன்னு 58 கிலோ ஹெர்ட்ஸ்ல ஓடும், இன்னொன்னு 8.2 மெகா ஹெர்ட்ஸ்ல ஓடும். உங்க வாட்சும் ஃபோனும் பேசுறது அதுக்கெல்லாம் ரொம்ப மேல, கேட்டுக்கு அது காதுலயே விழாது.

58 கிலோ ஹெர்ட்ஸ் வேல செய்யிற விதம் அழகா இருக்கும். துணில மாட்டுற டேக்குக்குள்ள ஒரு மெல்லிசு உலோகப் பட்டை இருக்கு. கேட்டு ஒரு தட்டு தட்டும், உடனே வாய மூடிக்கிட்டு காது குடுக்கும். கோயில் மணிய அடிச்சுட்டு கைய எடுத்தாலும் கொஞ்ச நேரம் ரீங்காரம் இருக்கும்ல, அந்த மாதிரி பட்டை அதிர்ந்துக்கிட்டே இருக்கும், அந்த ரீங்காரத்தக் கேட்டாத்தான் கத்தும். இத ஒரு செகண்டுல பல தடவ பண்ணும், எப்ப தட்டணும் எப்ப கேக்கணும்னு கரண்டோட 50 ஹெர்ட்ஸ வச்சுத்தான் தாளம் போட்டுக்கும். பிரச்சினையே இங்கதான். பக்கத்து கடைலயும் அதே ஜாதி கேட்டு இருந்து, அது வேற ஃபேஸ்ல ஓடுச்சுன்னா, அது தட்டுறது இது காது குடுக்குற நேரத்துல வந்து விழுந்துரும், ஆளே போகாம கத்தும். வாசல்ல மாட்டுன மட்டமான எல்இடி அடாப்டர், சீரியல் லைட்டு இதுங்களும் அதே ரேஞ்சுல இரைச்சல் போடும். ஆடித் தள்ளுபடிக்கு லைட்டு கட்டுன மறுநாளே சர்வீஸ்காரனுக்கு ஃபோன் வர்ற ரகசியம் இதான்.

உங்க கேஸ்ல எனக்கு சந்தேகம் கைப்பை மேலதான். வேற கடைல வாங்கின செருப்பு, பர்ஸு, சுடிதார் எதுலயாச்சும் செயலிழக்கச் செய்யாத டேக்கு ஒட்டிக்கிட்டு இருக்கும், தேடிப் பாருங்க. அம்மா விஷயம்: கேட்ட தாண்டி சும்மா நடந்து போனா பயமில்ல, ஆனா அதுல சாஞ்சு நிக்கிறது, பக்கத்துல நின்னு மணிக்கணக்கா கத பேசுறது வேணாம்னுதான் டாக்டருங்க சொல்றது. அவங்களுக்கு பேஸ்மேக்கர் வச்ச டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

கேள்வி: மாட்டுத்தாவணில பூக்கடை. ஃபோன் மணி அடிச்சா எடை மெஷின்ல நம்பர் அஞ்சு பத்து கிராம் ஆடுது. மல்லி விக்கிற விலைக்கு பத்து கிராமுன்னா சும்மாவா? – பூ வியாபாரி

சும்மா இல்ல, கிலோ ரெண்டாயிரத்தத் தாண்டுற சீசன்ல பத்து கிராம் இருபது ரூவா. தட்டுக்குக் கீழ லோட் செல்னு ஒரு அலுமினியக் கட்டை இருக்கும், பாரம் வச்சா அது கண்ணுக்குத் தெரியாம வளையும். வளையிறதுக்குத் தக்கன அது குடுக்குற வோல்டேஜ் எவ்வளவு தெரியுமா, முப்பது கிலோ முழுசா ஏத்தினாலே சுமாரா 10 மில்லி வோல்ட்டுதான். அப்ப அஞ்சு கிராமுக்கு? ஒரு வோல்ட்டுல பத்து லட்சத்துல ரெண்டு பங்கு கூட வராது. இவ்வளவு சன்னமா பேசுற ஆள் பக்கத்துல 2ஜில ஓடுற ஃபோனு செகண்டுக்கு 217 தடவ விட்டு விட்டு சிக்னல் அனுப்பினா எப்படி? அந்தக் காலத்துல ஸ்பீக்கர் பக்கத்துல ஃபோன வச்சா மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே டிட்டிடிட்டுன்னு கேக்கும்ல, அதே ஆளுதான். 4ஜி ஃபோனுக்கு இந்தக் குணம் கம்மி.

ஃபோன ஒரு முழம் தள்ளி வைங்க. அப்பவும் ஆடுனா மேல ஓடுற ஃபேன நிறுத்திப் பாருங்க, காத்து தட்ட அமுக்குறதுக்கும் ஃப்ரீக்குவன்சிக்கும் சம்பந்தமில்ல, பாதி கேஸு இதுதான். மூணாவது சார்ஜர், அதக் கழட்டிட்டு பேட்டரில ஓட்டிப் பாருங்க. சீல உடைச்சு உள்ள மட்டும் கைய வைக்காதீங்க, முத்திரை போன மெஷின வச்சு யாவாரம் பண்ணினா அபராதம். வருஷா வருஷம் முத்திரை போடப் போறப்ப இந்த ஆட்டத்தையும் சொல்லிருங்க.

கேள்வி: சித்திரைத் திருவிழா அன்னைக்கு, பணம் வந்தா சத்தமா சொல்ற சவுண்ட் பாக்ஸ் பத்து நிமிஷம் கழிச்சு கத்துச்சு. யாராச்சும் ஜாமர் போட்டாங்களா? – ஜிகர்தண்டா கடை, கீழவாசல்

ஜாமரும் இல்ல ஒன்னும் இல்ல. பாக்ஸுக்குள்ள சிம் கார்டு இருக்கு, அழகர் ஆத்துல எறங்குறதப் பாக்க வந்த அம்புட்டு பேரும் ஃபோன்ல வீடியோ அனுப்புறாங்க, உங்க பாக்ஸும் அதே டவர்ல வரிசைல நிக்குது. சத்தம் லேட்டானா பணம் வரலன்னு அர்த்தம் இல்ல. அடுத்த வருஷம் அன்னைக்கு மட்டும் பிராட்பேண்ட் வைஃபைல ஃபோன மாட்டி, ஆப்ல பாத்து டம்ளரக் குடுங்க. கஸ்டமர் காட்டுற ஸ்க்ரீன நம்பாதீங்க, அது தனி கத.

கேள்வி: டவுன்ஹால் ரோட்ல தரைக்குக் கீழ கடை. ஸ்வைப்பிங் மெஷின்ல டவரே இல்ல. ஆன்லைன்ல பூஸ்டர் கிடைக்குது, வாங்கலாமா? – செல்ஃபோன் உதிரிபாகக் கடை

வேணாம். மொபைல் கம்பெனிக்காரங்க தவிர வேற யாரும் அத மாட்டக் கூடாது, விக்கிறதும் வாங்கி வச்சிருக்குறதும் சட்டப்படி தப்பு. சட்டத்த விடுங்க, தெருவுக்கே செய்யிற அநியாயம் அது. மட்டமான பூஸ்டர் தன் சத்தத்த தானே வாங்கி தானே பெருக்கி டவரப் பாத்து ஓயாம கத்தும், அப்புறம் மேல இருக்குற கடைல எல்லாம் போன் எடுக்காது. இரைச்சல் எங்கருந்து வருதுன்னு தேடிக்கிட்டு ஆளுங்க வந்து உங்க கடைலதான் நிப்பாங்க. வைஃபைல ஓடுற ஸ்வைப்பிங் மெஷின் இருக்கு, பாங்க்ல கேட்டு மாத்திக்குங்க, போன்ல வைஃபை காலிங் ஆன் பண்ணுங்க, அந்த வைஃபைக்கு மாடில இருந்து ஒரு நெட் ஒயர கீழ இழுத்துருங்க.

கேள்வி: டீக்கடைல புது எல்இடி பல்பு போட்டதுல இருந்து கொடைக்கானல் எஃப்எம் கொர்ர்னு இருக்கு. ரேடியோ போச்சா? – உசிலம்பட்டி

ரேடியோ நல்லாத்தான் இருக்கு. கொடைக்கானலோட 100.5 உங்க ஊருக்கு மலை மேல இருந்து வர்றதுக்குள்ள களைச்சுப் போயித்தான் வருது, நீங்க அது தலைக்கு மேல இரைச்சல் போடுற பல்ப மாட்டி வச்சிருக்கீங்க. விலை கொறஞ்ச பல்புக்குள்ள இரைச்சல அடக்குற ஃபில்டர வைக்காம காசு மிச்சம் பண்ணியிருப்பான். பல்ப அணைச்சா பாட்டு தெளியுதான்னு பாருங்க. தெளிஞ்சா அந்தப் பல்ப கழட்டி கொல்லைப்பக்கம் மாட்டிட்டு கடைக்கு வேற வாங்குங்க, வாங்குறப்ப கையோட ஒரு சின்ன ரேடியோவ எடுத்துட்டுப் போயி பல்பு கடைலயே எரிய விட்டு பக்கத்துல வச்சுக் கேட்டுட்டு வாங்குங்க. கடைக்காரர் மொறைப்பாரு, கண்டுக்காதீங்க.