குளிர்காலத்தில் நிறுத்திவைக்கும் மோட்டார்ஹோமின் (தங்கும் வசதியுள்ள வண்டி) பேட்டரி: கனடா ஊர்களிலிருந்து கேள்வி பதில்

ஸ்கார்பரோ: அண்ணை, நவம்பரில இருந்து ஏப்ரல் மட்டும் வண்டியை வெளியிலதான் விடுறம். பற்றரியைக் கழட்டி வீட்டுக்குள்ள வைக்கத்தான் வேணுமோ? உறைஞ்சு வெடிச்சுப்போகும் எண்டு சொல்லினம்.

கட்டாயமில்லை. லெட் ஆசிட் பேட்டரி முழு சார்ஜில் இருந்தால் மைனஸ் 50 செல்சியஸுக்கும் கீழே போனால்தான் உறையும். சார்ஜ் இறங்க இறங்க ஆசிட்டில் உள்ள சல்ஃபேட் தகடுகளில் படிந்துவிடும், மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் தண்ணீர். பாதி சார்ஜில் மைனஸ் 20களிலேயே உறையும். காலியான பேட்டரிக்கு மைனஸ் 8, 10 போதும், டிசம்பர் முதல் வாரமே முடித்துவிடும்.

ஆகவே முழுக்க சார்ஜ் செய்யுங்கள், நெகட்டிவ் கேபிளைக் கழற்றி டெர்மினலைத் தொடாதபடி கட்டிவிடுங்கள். எஞ்சின் பேட்டரிக்கும், வண்டிக்குள் விளக்கு முதலியவற்றுக்கு மின்சாரம் தரும் ஹவுஸ் பேட்டரிக்கும் இதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒருநாள் கழித்து மல்டிமீட்டரில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சரி. சார்ஜரை எடுத்த கையோடு பார்த்தால் 13 காட்டும், அதை நம்பாதீர்கள். பிறகு மாதம் ஒருமுறை பாருங்கள், 12.4க்கு இறங்கினால் மறுபடி சார்ஜ்.

கழற்றித்தான் வைப்பீர்கள் என்றால் சூடான பேஸ்மென்ட்டைவிடக் குளிரான கராஜ் மேல். வெப்பம் 10 டிகிரி ஏறினால் பேட்டரி தானாக இறங்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

எட்மன்டன்: பேட்டரியைத் துண்டிக்கும் டிஸ்கனெக்ட் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் போனேன். ஆறு வாரத்தில் 100 ஆம்பியர்-அவர் (Ah) பேட்டரி 11.6 வோல்ட்டுக்கு வந்துவிட்டது. பேட்டரி போய்விட்டதா?

முதலில் ஸ்விட்சைச் சந்தேகப்படுங்கள். பல வண்டிகளில் அது எல்லாவற்றையும் துண்டிப்பதில்லை. கேஸ் கசிவு அலாரம், ரேடியோவின் நினைவகம், மின்சாரப் படிக்கட்டு, சோலார் கன்ட்ரோலர் இவையெல்லாம் ஸ்விட்சுக்கு முன்னாலேயே இணைந்திருக்கலாம். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து, நெகட்டிவ் டெர்மினலுக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவே வையுங்கள். அந்த நேரம் கதவைத் திறக்காதீர்கள். படிக்கட்டு மோட்டார் ஓடினால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். 80 மில்லி ஆம்பியர் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: நாளுக்கு 1.9 ஆம்பியர்-அவர், 42 நாளில் 80. உங்கள் 11.6க்குக் கணக்கு சரியாகப் பொருந்துகிறது. ஸ்விட்சை நம்பாமல் கேபிளையே கழற்றச் சொல்வது இதனால்தான்.

இவ்வளவு இறங்கிய பேட்டரி உறைந்து உப்பியிருக்கலாம், சார்ஜர் மாட்டுமுன் அதன் பக்கங்களைத் தடவிப் பாருங்கள்.

விண்ணிப்பெக்: என்னுடையது பக்கம் உப்பியிருக்கிறது. உருகினால் பயன்படுத்தலாமா?

வேண்டாம். உறைந்த பேட்டரியைச் சார்ஜ் செய்யவோ, இன்னொரு வண்டியிலிருந்து ஜம்ப் செய்யவோ கூடாது, வாயு சேர்ந்து வெடிக்கும். உப்பிவிட்டால் உள்ளே தகடுகளும் வளைந்திருக்கும். உருகும்போது வெடிப்பு வழியாக ஆசிட் ஒழுகலாம், பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடுங்கள்.

மிசிசாகா: மாதம் ஒருமுறை எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் போதாதா?

போதாது, கெடுதலும்கூட. குளிர்ந்த பேட்டரி மெதுவாகத்தான் சார்ஜை ஏற்கும். எஞ்சின் சரியாகச் சூடாகாததால் எண்ணெயிலும் புகைக்குழாயிலும் ஈரம் தங்கும். ஒரு மணி நேரம் சாலையில் ஓட்ட முடிந்தால் ஓட்டுங்கள், இல்லையேல் சாவியைத் தொடாதீர்கள்.

கேல்கரி: வீட்டு மின்சாரத்தில் குளிர்காலம் முழுக்க மாட்டியே விடலாமா?

வீட்டு மின்சாரத்தை மாற்றிப் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கன்வெர்ட்டரைப் பொறுத்தது. பழையவை ஓயாமல் 13.6 வோல்ட்டுக்கு மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், செல்லில் தண்ணீர் வற்றும். பல கட்டமாகச் சார்ஜ் செய்யும் புதியவை சில நாளில் 13.2க்கு இறங்கிவிடும், அவற்றை விடலாம். பேட்டரியில் ஒட்டும் வெப்ப உணரி இருந்தால் இன்னும் நல்லது: குளிரில் முழு சார்ஜ் ஏற, டிகிரிக்குச் சுமார் 0.02, 0.03 வோல்ட் கூடுதலாகத் தேவைப்படும். மைனஸ் 15இல் வழக்கமான 14.4 வோல்ட் மட்டும் கொடுத்தால் சார்ஜர் பச்சை விளக்கு காட்டும், பேட்டரி நிறைந்திருக்காது. மின்வெட்டு வந்தால் தெரிய வேண்டும், எப்போதாவது போய்ப் பாருங்கள்.

கெலோனா: என்னுடையது லித்தியம். இதே முறைதானா?

இல்லை, ஏறக்குறைய நேர்மாறு. லித்தியம் அயர்ன் பாஸ்ஃபேட்டை முழுசாக நிரப்பி வைக்காதீர்கள், 50, 60 சதவீதம் போதும். அதை வோல்ட் பார்த்துக் கணிக்க முடியாது. 30 சதவீதத்திலும் 70லும் 13ஐ ஒட்டியே காட்டும். மின்னோட்டத்தை அளக்கும் ஷன்ட் பொருத்திய மானிட்டரைப் பாருங்கள்.

பெரிய ஆபத்து பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் செய்வது. லித்தியம் எதிர்முனைக் கிராஃபைட்டுக்குள் நுழையாமல் மேலே உலோகமாகப் படியும். அந்தக் கொள்ளளவு திரும்பாது, உள்ளே ஷார்ட்டும் ஆகலாம். நல்ல பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் மின்னணுக் கட்டுப்பாடு) தடுத்துவிடும், மலிவானவற்றில் இந்தத் தடுப்பே இருக்காது. நீங்கள் மறந்தாலும் வெயில் நாளில் சோலார் சார்ஜ் செய்யும். பேனலை முதலில், பேட்டரியைப் பிறகு கழற்றுங்கள். தானே சூடாக்கிக்கொள்ளும் வகை என்றால் ஹீட்டரையும் அணையுங்கள், அது பேட்டரியையே தின்னும். மைனஸ் 20க்கும் கீழே போகும் ஊர் என்றால் உள்ளே எடுத்து வையுங்கள். எடை குறைவுதானே.

ஒட்டாவா: டிஸ்டில்டு வாட்டர் எப்போது ஊற்ற வேண்டும்?

மூடி திறக்கும் லெட் ஆசிட் வகைக்குச் சார்ஜ் செய்யுமுன், ஆனால் தகடு மூழ்கும் அளவுதான். சார்ஜ் ஆனபின் கழுத்துக்குச் சற்றுக் கீழேவரை நிரப்பி, இன்னும் சிறிது நேரம் ஓடவிடுங்கள். ஊற்றிவிட்டு அப்படியே விட்டால் தண்ணீர் ஆசிட்டில் கலக்காமல் மேலே நிற்கும், குளிரில் அதுதான் முதலில் உறையும். ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் முழு சார்ஜ் 1.265க்கு மேல், ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 தாழ்ந்தால் அந்தப் பேட்டரியை மாற்ற வேண்டியதுதான்.

மறுபடி ஸ்கார்பரோ: சிமெந்துத் தரையில வைச்சா சார்ஜ் இறங்குமாமே?

இன்றைய பாலிப்ரொப்பிலீன் பெட்டிக்கு இறங்காது.

ஹாமில்டன்: இரண்டு 6 வோல்ட் பேட்டரி. வசந்தத்தில் திரும்ப மாட்டும் வரிசை?

கழற்றும்போதே கேபிள்களைப் படம் எடுத்து வையுங்கள். ஒரு கோப்பை தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து டெர்மினலைத் துலக்கித் துடையுங்கள். மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடா செல்லுக்குள் போகக் கூடாது. முதலில் இரண்டையும் இணைக்கும் கேபிள், அடுத்து பாசிட்டிவ், கடைசியில் நெகட்டிவ். சோலார் இருந்தால் பேனல் எல்லாவற்றுக்கும் பிறகு.